வெட்டின் மேல் வைத்த கண்

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டை வாங்கினேன். இவருக்குக் காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், புண்ணில் நீர் வடிகிறதா என்று தினமும் எழுதிவைக்க வேண்டுமாம். எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி. புண்ணை நான் பார்க்கவில்லை. இடதுபக்க வயிற்றைக் கிழித்துக் குடலில் ஒரு துண்டை எடுத்திருக்கிறார்கள். கட்டு மாற்ற நான் போனால், "நானே மாத்திக்கறன், போ" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து வெட்கம் வந்திருக்கிறது.

மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தாரிணியை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களுடையது புதுச்சேரியில் கடற்கரைக்குப் பின்தெருவில் இருக்கும் சின்னத் தனியார் காட்சியகம். கப்பல் டாக்டராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எகிப்திலிருந்து கொண்டுவந்த பொருள்கள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. இவர் அங்கே தச்சர். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் நிற்கத் தாங்கி செய்வது, துணி ஒட்டுவது எல்லாம் இவர் கை. அடுத்த மாதம் 'காவல்' என்ற பெயரில் எகிப்தியரின் காப்புச் சின்னங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி. அதற்காகச் சென்னையிலிருந்து வரவழைத்த நிபுணர்தான் இந்தத் தாரிணி. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பெட்டிச் சாவி யாரிடம் என்று கேட்டாள். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள் முதலில் சாவியைக் கேட்பதில்லை.

இவரிடம் சொன்னேன். "நீ உன் நெழல்கிட்டயே அடையாள அட்டை கேப்ப" என்றார். சிரித்தால் தையல் இழுக்கிறதாம், அதனால் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

காய்ச்சல் இல்லை. கஞ்சி.

இன்று தாரிணி மேசையில் வெள்ளைத்துணி விரித்து, சின்னங்களை ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி வரிசையாக வைத்தாள். கழுத்து இருக்கும் இடத்தில் தூண் வடிவக் காப்பு. அதற்குக் கீழே சிவப்புக் கல்லில் முடிச்சு. நெஞ்சில் பச்சைக்கல் வண்டு. அந்த வண்டின் அடியில் ஒரு மந்திரம் உண்டு: 'என் இதயமே, தீர்ப்பு நேரத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே.' செத்த பிறகு இதயத்தைத் தராசில் வைப்பார்களாம், அது உளறிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே வாயைக் கட்டுகிறார்கள். எகிப்தியர்கள் என்னைவிடச் சந்தேகப் பிராணிகள்.

கடைசியில் இடதுபக்க விலாவுக்குக் கீழே கண் தகட்டை வைத்தாள். உள்ளங்கை அகல வெண்கலத் தகடு, புருவத்தோடு ஒரு கண் கீறியிருக்கும். உடலைப் பதப்படுத்துகிறவர்கள் இடதுபக்கம் வெட்டித்தான் உள்ளுறுப்புகளை எடுப்பார்கள். அந்த வெட்டு வழியாகக் கெட்டது எதுவும் நுழையாமல் மேலே இந்தக் கண்ணை வைத்து மூடுவார்கள். இதெல்லாம் எனக்கு இவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியில் வைக்கிற விளக்க அட்டையை எழுதியதே நான். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் இவர் அந்தத் தகட்டுக்குத் தாங்கி செய்துகொண்டிருந்தபோது படித்தும் காட்டினேன். "செத்தவனுக்கு எதுக்குடி காவல்? உசுரோட இருக்கறவனுக்கே ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாமி இல்லை, பேய் இல்லை, சகுனம் இல்லை என்று மேடை போட்டுப் பேசிய குடும்பம். பெயரே இளவழகன். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு இன்றுவரை கேலி.

தாரிணி அந்தத் தகட்டை மட்டும் ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு பார்க்க அதில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 6, வெள்ளி

மாலையில் லேசான காய்ச்சல். சமையலறை அலமாரி ஓட்டையில் இவர் அடித்திருந்த பிஸ்கட் டின் தகரம் என் விரலைக் கிழித்துவிட்டது. இவருடைய தகரக் கத்தரியின் வாயில் ஒரு இடம் உடைந்திருக்கிறது, வெட்டுகிற இடமெல்லாம் வரிசையாகப் பல் முளைத்துவிடும். புதுக்கத்தரி வாங்குங்கள் என்றால், இது கைக்குப் பழகினது என்பார்.

செப்டம்பர் 9, திங்கள்

நினைத்தேன், நடந்துவிட்டது.

காலையில் தாரிணி நிர்வாகி கப்ரியேல் ஐயா அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் கண் தகடு.

"இது பழசு இல்ல மேடம்" என்றாள். "மேல இருக்கற பச்சையெல்லாம் உப்பும் புளியும் வெச்சுக் கொண்டுவந்தது. பித்தளைத் தகடு. யாரோ அச்சு அசலா செஞ்சிருக்காங்க. நல்ல கை."

ஐயா என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாகச் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் நிதானம் வந்தது. இவள் வரும்வரை எதுவும் கெடவில்லை. இவள் வந்தாள், தகட்டைத் தனியே தூக்கிப்போய்ப் பார்த்தாள், பிறகு அது போலி என்கிறாள். அசலை எடுத்தவளே போலியைக் கண்டுபிடித்தால் அவள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கு வரும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "வுடு. எங்கனா கெடைக்கும்" என்றார். என் வேலை போகிற காரியம், இவருக்கு எங்கேயாவது கிடைக்குமாம்.

காய்ச்சல் நூறு.

செப்டம்பர் 10, செவ்வாய்

போலித் தகட்டை நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் கீறியிருக்கும் பக்கத்தை அல்ல, ஓரத்தை.

இன்று எழுத வேறு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 11, புதன்

கப்ரியேல் ஐயா, யார்மேலாவது சந்தேகம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றார். தாரிணி பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், ஜன்னலோரம் நின்றது, சாவி கேட்டது, எல்லாம். என் எழுத்து ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

இவருக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தேன். பாதி சாப்பிட்டார். உட்காரும்போது இடதுபக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே உட்காருகிறார். வலியா என்றேன். இல்லை என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

அலுவலகத்தில் தாரிணியோடு யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுக்கப் போன என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், உடம்பைப் பதப்படுத்தற எடத்துல ஒரு பழக்கம் இருந்துச்சாம். கிரேக்கர் ஒருத்தர் எழுதிவெச்சிருக்கார். இடதுபக்கம் வெட்டறதுக்குன்னு ஒரு ஆள் இருப்பான். அவன் வெட்டி முடிச்ச உடனே, கூட நிக்கறவங்களே அவனைத் திட்டிக் கல்லால அடிச்சுத் துரத்துவாங்களாம். வெட்டச் சொல்லிக் கூப்ட்டதும் அவங்கதான்."

"எனக்கு எதுக்கு இதைச் சொல்றீங்க?"

"சும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். முழுதும் சாப்பிட்டிருக்கவில்லை.

கதை சொல்லி இரக்கம் சம்பாதிக்கப் பார்க்கிறாள். நான் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. ஆனாலும் மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. கட்டைப் பிரித்ததும் டாக்டர் முகம் மாறியது. புண்ணின் கீழ் ஓரம் வாய் பிளந்து சீழ் கட்டியிருக்கிறது.

"ஏதோ உரசிக்கிட்டே இருக்குது சார். மேல எதாவது வெக்கிறீங்களா? வேரு, தாயத்து, மந்திரிச்ச தகடு, எதுனா?"

"நானா?" என்றார் இவர். "டாக்டர், என் சட்டை கலரைப் பாருங்க." கறுப்புச்சட்டை. டாக்டர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வயிற்றில் கட்டுகிற பெல்ட்டை வாங்கிப் பார்க்க டாக்டர் கை நீட்டியபோது, இவர் அதை எப்போதோ மடித்துத் தன் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். டாக்டர் வற்புறுத்தவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வேறு மருந்து. அடுத்த வாரத்துக்குள் காயாவிட்டால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும், சர்க்கரை இருக்கிற உடம்பு, இரண்டாவது தடவை தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பூசையில் மனசு நிற்கவில்லை. எனக்கு இவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாதா சுரூபம் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "எனக்கு டாக்டர் போதும்" என்றார். நான் தினம் கும்பிடுகிற தெய்வம் வேண்டாம். ஆனால்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காய்ச்சல் நூற்றொன்று.

செப்டம்பர் 16, திங்கள்

மத்தியானம் இவர் தூங்கினார். பெல்ட் கழன்று கிடந்தது. துவைக்கலாம் என்று எடுத்தேன்.

துவைக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

தாரிணியை வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிடுவதென்று முடிவு. போலீஸ் வேண்டாம், காட்சியகத்துக்குக் கெட்ட பெயர் என்று கப்ரியேல் ஐயா சொன்னார். அவள் வேலை செய்த மற்ற இடங்களுக்கும் விஷயம் போகும். "நீங்க கவனிச்சுச் சொன்னதாலதான்" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

தாரிணி அழவில்லை. பஞ்சும் தூரிகையும் வைத்து அந்தச் சிவப்பு முடிச்சைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். போகப்போகிறவளுக்கு என்ன வேலை இது என்று நின்று பார்த்தேன். எப்போது எதைத் திருடுவாள் என்று கண்காணிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காய்ச்சல் நூற்று மூன்று. காலையில் நடுங்கினார். டாக்டர் நாளை மறுநாள் சேர்க்கச் சொல்லிவிட்டார். திறக்கத்தான் வேண்டுமாம்.

இனி மறைத்து எழுதி யாரை ஏமாற்றப்போகிறேன்? பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். போலித் தகட்டின் ஓரமெல்லாம் வரிசையாகப் பல், இவருடைய உடைந்த கத்தரி விடுகிற அதே பல். இரண்டாவது தடவை பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் மறுநாள் அந்தப் பெண் பெயரை எழுதிக் கொடுத்தேன். பதினாறாம் தேதி பெல்ட்டைத் தடவியபோது உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டது. அதையும் விட்டுவைத்தேன். உரசிப் புண்ணாகிறது என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகும் விட்டுவைத்தேன்.

ஏனென்றால், வேலைசெய்துவிடுமோ என்று எனக்கும் ஆசை இருந்தது. இதுதான் உண்மை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ நம்பினார்கள், இவர் நம்புகிறார், என் ஒருத்தி கைபட்டு அது கெட்டுவிடக் கூடாது என்று பயந்தேன். கூடவே பொறாமை. என் மாதாவுக்குக் கொடுக்காத இடத்தை ஒரு செத்தவனின் தகட்டுக்குக் கொடுத்திருக்கிறாரே என்று.

மாத்திரை போட்டுத் தூங்கினார். பெல்ட்டைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போனேன். உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருந்தார். பழைய கறுப்புச்சட்டையின் பாக்கெட். தையல் பொடிப்பொடியாக, ஒழுங்காக இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பிரித்துத் தகட்டை எடுத்தேன். ஓரம் முழுக்க ஈரம், நாற்றம். மாத்திரை அட்டைப்பெட்டியைத் தகட்டின் அளவுக்கு மடித்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, பஞ்சு வைத்து, அதே பைக்குள் போட்டு, அவர் தைத்த அதே ஓட்டைகளில் ஊசியை விட்டுத் தைத்தேன். எடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் இவர் மனசு விட்டுவிடும். கேட்டால் என்னால் பதில் சொல்லவும் முடியாது.

செப்டம்பர் 20, வெள்ளி

கப்ரியேல் ஐயா அறையில் தாரிணி கணக்கு முடித்துக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று. தகட்டை மேசையில் வைத்தேன்.

"நான்தான் எடுத்தேன். போலியை ஒரு பட்டறையில செஞ்சு வாங்கினேன். தாரிணிக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எதுக்கும்மா?" என்று ஐயா கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"பேராசை" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை. ராஜினாமா எழுதச் சொன்னார். விஷயம் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றினேன்.

தாரிணி கையுறை போட்டுக்கொண்டு தகட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"மருந்து வாடை அடிக்குது" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். தச்சருக்கு ஆபரேஷன் ஆனது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். "எந்தப் பட்டறை மேடம்?"

சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்க்க நடந்தேன்.

அவளும் விட்டுவிட்டாள். ஆனால் வாசல்வரை பின்னால் வந்தாள். "என்மேல எழுதிக் குடுத்தீங்களே, அதை நீங்க கிழிச்சு நான் பாக்கணும்" என்றாள். "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்கு அது வேண்டாம்."

திரும்பப் போய்க் கேட்டு வாங்கி, அவள் எதிரில் கிழித்தேன். அவள் கடைசித் துண்டுவரை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானாக இருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன்.

இவரிடம், உங்களைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருக்கிறேன் என்றேன். தலையாட்டினார்.

செப்டம்பர் 21, சனி

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திறந்து கழுவித் திரும்பத் தைத்திருக்கிறார்கள். உள்ளே பரவவில்லை என்றார் டாக்டர். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்தார், நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன்.

பெல்ட்டைக் கொடு என்று முதல் வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. காய்ச்சல் இல்லை. புண் காய்கிறது. கட்டை இப்போது நான் மாற்றுகிறேன், ஒன்றும் சொல்வதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் முகம் மழித்துக்கொண்டு, கறுப்புச்சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லணும் அமலு. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

மடியிலிருந்து அந்தக் கறுப்புப் பையை எடுத்தார். பெல்ட்டிலிருந்து பிரித்துவிட்டிருந்தார். வாய் மட்டும் தைத்தபடியே இருந்தது.

"அந்தத் தகடு. நான்தான் எடுத்தன். தாங்கி செய்யும்போதே எடுத்துட்டு வேற ஒண்ணு செஞ்சு வெச்சிட்டன். நம்பிக்கையெல்லாம் இல்ல. இன்னைக்கும் நான் எதையும் நம்பல. ஆனா கத்தி வெக்கப்போறாங்கன்னு சொன்னதுலேர்ந்து பயம்டி. செத்துருவன்னு பயம். அந்த வெட்டு மேல எதுனா ஒண்ணு இருந்தா தேவலாம்னு இருந்துச்சு. உன் மாதாவ கேட்டிருந்தா நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருக்க மாட்டன்" என்றேன். அது நிஜம்தான் என்று நினைக்கிறேன்.

"அந்தப் பொண்ணு மேல பழி வந்துரப்போவுது. நீ வேலைக்குப் போவும்போது எடுத்துக்கினு போயி, யாருக்கும் தெரியாம வெச்சிடு."

பையை என் உள்ளங்கையில் வைத்தார். அதற்கு எடையே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தகட்டைக் கையில் வாங்கி, இது தகரம், இது பித்தளை, இது வெண்கலம் என்று சொல்கிற ஆள் இவர். இத்தனை நாள் இதை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். இப்போது விரலால் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அட்டைப்பெட்டி என்று தெரியாமலா இருக்கும்? எப்போதிலிருந்து தெரியும்? நான் லீவில் இல்லை என்பதும் தெரியுமா?

முகத்தை உற்றுப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கேட்காமல் பையை என் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

"வேலைக்குப் போவும்போதுதான?" என்று மறுபடி கேட்டார்.

"ஆமா, வேலைக்குப் போவும்போது" என்றேன்.